இடது கை தூக்கிய தெரு

அப்பு,

நான் முன்பு வேலை பார்த்த ஊருக்குக் கூட வரச் சொல்லி நீ போனில் கேட்டதற்குப் "பாக்கலாம்" என்றேன். நம் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்த உனக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் நீ "சரிம்மா, அப்ப திங்கக்கெழம ஏழு மணிக்கு ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பெற்றவளின் 'மாட்டேன்' காதில் விழாத பிள்ளை, முன்பின் தெரியாத தெருவில் போய் நின்று, யார் சரி என்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறான் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும். பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்காமல் நுரையைப் பார்ப்பேன். ஆட்டோக்காரர் "நீங்களே பாத்துக் குடுங்கம்மா" என்றால் ஏறாமல் நடந்துவிடுவேன். உங்கப்பா இருந்தவரை இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனால் இது என்னோடு கூடப் பிறந்த குணமில்லை. நடுவில் பிடித்தது. எங்கே, எப்படிப் பிடித்தது என்று உங்கப்பாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

உனக்கு மட்டும் எழுதினால் படித்து மடித்துப் பையில் போட்டுக்கொள்வாய், திங்கட்கிழமை வந்து வாசலில் ஹாரன் அடிப்பாய். அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். ஊர்ப் பேரை மட்டும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நீ அனுப்பிய கேள்விப் படிவத்தை நாகல் நகர் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி உட்கார்ந்து படித்தேன். மேலே 'சூரிய மின் விளக்குகளும் மக்களின் ஏற்பும்' என்று போட்டிருக்கிறாய். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்தில்லை, ஏற்கவில்லை, முற்றிலும் ஏற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் 'ஏற்காததற்குக் காரணம்' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே முதல் கட்டமே 'அறியாமை'. அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டேன். பழக்க தோஷம். யாருடைய அறியாமை என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. காலையில் உனக்கும் உங்கப்பாவுக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, முக்கால் மணி நேரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இறங்கி ஒரு மைல் நடந்து பள்ளிக்கூடம் சேருவேன். திரும்பி வர ஏழு ஆகிவிடும். நீ பக்கத்து வீட்டுப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்த ஊர் இரண்டே தெரு. மேலத்தெருவுக்குக் கரண்ட் வந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. மிக்சி ஓடியது, டிவி ஓடியது, கிணற்று மோட்டார் ஓடியது. கடைசிக் கம்பம் எங்கள் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஓடையைத் தாண்டினால் கீழத்தெரு. அங்கே சிமினி விளக்குதான். கம்பி ஏன் ஓடையைத் தாண்டவில்லை என்று நான் யாரையும் கேட்டதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் அந்தக் கம்பத்தைக் கடந்துதான் வகுப்புக்குள் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் டவுனிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். கீழத்தெருவில் வீட்டுக்கு ஒரு சூரியத் தகடு, ஒரு பேட்டரி, இரண்டு சின்ன விளக்கு, எல்லாம் இலவசம் என்றார்கள். தெருக்காரர்கள் கூடி ஒருமனதாகச் சம்மதித்தால் போதும், அதற்குத் தலைமை ஆசிரியையான நான் பொறுப்பெடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். அந்த வெயில் விளக்காக எரியும், பிள்ளைகள் படிக்கும் என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். யோசிக்க நிறைய இருந்தது. சவரியம்மா யோசித்தாள்.

சவரியம்மா கூலிக்குப் பூப் பறிக்கப் போகிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் அவளை நீ, வா, போ என்பேன். அவள் என்னை டீச்சர், வாங்க என்பாள். அது சரியில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை சின்னதாக இருந்தால் நேரே என் மேசைக்கு வந்துவிடுவாள். நான் விளக்கைப் பற்றிச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நல்ல சாமான்னா மேலத்தெருக்காரவுக விட்டு வச்சிருப்பாகளா டீச்சர்? மொதல்ல அவுக வீட்டுல மாட்டச் சொல்லுங்க." அவர்களுக்குத்தான் கரண்ட் இருக்கிறதே என்றேன். "அதத்தான் நானும் கேக்குறேன். இத வாங்கிட்டா எங்களுக்குக் கம்பி வராது. உங்களுக்குத்தான் வெளக்கு இருக்கேன்னு சொல்லிப்புடுவாக." எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் சந்தேகப்பட்டால் எப்படி உருப்படுவது, அறியாமைதான் உங்களுக்கு முதல் எதிரி என்று ஒரு பாடமே எடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் வீட்டு முருங்கையைப் பற்றியும் பேச்சு வந்தது. மரத்தின் நிழல் கூரைமேல் விழுகிறது, தகடு வைத்தால் வெட்ட வேண்டும் என்று வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் தன் வீட்டுக்கு வெஞ்சனம், விளக்கு எரிந்தால் சட்டியில் குழம்பு கொதித்துவிடுமா என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இனிமேல் சொல்லப் போவதை நான் சர்ச்சில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அது பாவம்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம். பள்ளிக்கூடங்களில் ஆண்டு ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முதல் நாள் நாங்கள் ஒரு வேலை செய்வோம். எந்தப் பள்ளி டீச்சரைக் கேட்டாலும் முதலில் இல்லை என்பார்கள், பிறகு சிரிப்பார்கள். பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: அதிகாரி கேள்வி கேட்டால் யாரும் சும்மா உட்காரக் கூடாது, எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வகுப்பு முழுக்கக் கை உயர்ந்து நிற்கும், அதிகாரிக்கு மனசு குளிர்ந்துவிடும், நான் வலது கைக்காரனாகப் பார்த்து எழுப்புவேன். கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் கீழத்தெருப் பெண்களை வகுப்பறையில் பெஞ்சில் உட்கார வைத்து, இதையே சொல்லிக் கொடுத்தேன். வேண்டாம் என்கிறவர்கள் ஏன் கை தூக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். "வந்தவங்க முன்னாடி ஊர்ப் பேரக் கெடுக்க வேணாம். வேணாம்ங்கிறவுக எடது கையத் தூக்குங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை அவர்கள் நம்பினார்கள். டீச்சர் பார்த்து, எண்ணி, அதிகாரிகளிடம் தனியாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தார்கள். நான் என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. நாலைந்து இடது கை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம். வேப்ப மரத்தடியில் நாற்காலி, மாலை, சோடா, போட்டோக்காரர் எல்லாம் இருந்தது. நிறுவனத்தின் திட்ட அலுவலர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அழகாகப் பேசிவிட்டு, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். தெருவே கை தூக்கியது. நாற்பது கைக்குள் இருக்கும். நான் அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். நாலே நாலு வலது கை. மற்றது எல்லாம் இடது. முன்வரிசையில் சவரியம்மா காது ஒட்டக் கையைத் தூக்கிக்கொண்டு, அலுவலரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலர் என் பக்கம் திரும்பி, "என்ன டீச்சர், ஏகமனதா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷம் நிறைய நேரம், அப்பு. "ஏகமனதுதான் சார்" என்றேன்.

அந்த வாரமே தகடுகள் வந்துவிட்டன. சவரியம்மா முருங்கையை வெட்டினாள். என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கூட்டத்தில் எடுத்த படம் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். நம் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாள் நீ அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா எல்லாரும் லெஃப்ட் ஹேண்டத் தூக்கியிருக்காங்க?" என்று கேட்டாய். அத்தனை பெரிய மனிதர்கள் பார்த்த படம், ஒருத்தர் கண்ணிலும் படாதது உன் கண்ணில் பட்டது. பிரஸ்ஸில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். நீ நம்பினாய். மறுநாள் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டேன்.

அடுத்த கல்வியாண்டிலேயே எனக்கு டவுனுக்கு மாறுதல் கிடைத்தது. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, தானாக வந்தது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆண்டறிக்கை அட்டையும் மாறுதல் உத்தரவும் அடுத்தடுத்து வந்ததை நான் கவனிக்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று என்னிடம் ஆதாரம் கிடையாது. இல்லை என்றும் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருந்தேன். சூடாகக் காப்பி கிடைத்தது, கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் படியில் நீ உட்காரவில்லை. அதில் அந்தக் கைகளுக்கு எவ்வளவு பங்கு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். நீ நன்றாகப் படித்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தைக்கூட அதனால் முழுசாக நம்ப முடியாமல் போனது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் இரண்டு வருஷம் நன்றாகவே எரிந்தது. பிள்ளைகள் படித்தார்கள், மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கிற வேலை மிச்சமானது. அப்புறம் பேட்டரி ஒவ்வொன்றாகப் போனது. மாற்ற ஆள் வரவில்லை, நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. விடுபட்ட தெருக்களுக்கு எல்லாம் கம்பி இழுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது, அதில் கீழத்தெரு இல்லை. 'விளக்கு வசதி செய்யப்பட்டுவிட்டது, மக்கள் திருப்தி' என்று காகிதத்தில் இருந்ததாம். சவரியம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்துவிட்டது. அவளிடம் இருந்தது அறியாமை இல்லை, அப்பு. அந்தத் தெருவுக்கு அதுவரை எது எப்படி வந்தது, எது எப்படி வராமல் போனது என்று அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். சூரியனை அவள் சந்தேகப்படவில்லை, கொண்டு வந்தவர்களைத்தான் சந்தேகப்பட்டாள். உன் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் நாகல் நகருக்கு வீடு தேடி வந்தாள், கூட இன்னும் இரண்டு பெண்கள். நீ உள்ளே ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாங்க எடது கைதான தூக்குனோம். அத மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர். நீங்க எழுதுனா நம்புவாக." மனுவோடு அதை வைத்துக் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லையே என்றேன். பழையதைக் கிளறினால் எல்லாருக்கும் சங்கடம் என்றேன். பாக்கலாம் என்றேன். தண்ணீர் கொண்டு வர உள்ளே போய் வருவதற்குள் அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மா திரும்பி, "சந்தேகப்படாதன்னு சொன்னீகளே டீச்சர்" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நீ வெளியே வந்து யாரும்மா அது என்று கேட்டாய். பழைய ஊர்க்காரங்க, சும்மா பார்க்க வந்தாங்க என்றேன். நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறபோதுதான் அந்தத் தெருவுக்குக் கம்பி வந்தது. அதுவரை சிமினி விளக்குதான்.

நம் மொட்டை மாடியில் நீ வாங்கி வைத்த சூரிய வெந்நீர் டாங்க்கைப் பற்றியும் உன் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறாயாம், அம்மாகூட ஏத்துக்கிட்டாங்க என்று. ஏற்றுக்கொண்டேன், உண்மைதான். நன்றாகத்தான் சுடுகிறது. ஆனால் மழை நாளில் வெந்நீர் வராவிட்டால் கேஸ் அடுப்பு இருக்கிறது, பிடிக்காவிட்டால் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடலாம், யாரும் என்னிடம் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது, அதனால் சரி என்றேன். கீழத்தெருவில் நான் அந்த இடத்தை அடைத்துவிட்டுத்தான் அவர்களைக் கை தூக்கச் சொன்னேன். நீ படிவத்தைத் திருத்துவதாக இருந்தால் இதை முதல் கேள்வியாகப் போடு: வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பதில் வருகிறதா பார். வராவிட்டால் மற்ற கேள்விகளைக் கேட்காமல் எழுந்து வந்துவிடு. உன் மேலதிகாரி கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும். உன்னைத் தட்டிக் கொடுக்கிற அதிகாரியைத்தான் எனக்குக் கூடுதலாகச் சந்தேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போனேன். நீ திங்கட்கிழமை வருவதற்குள் நான் ஒரு தடவை தனியாகப் போய் நின்றுவிட வேண்டும் என்று இருந்தது. சவரியம்மாவுக்கு இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. வீட்டில் ஃபேன் ஓடுகிறது. பழைய சூரியத் தகட்டைக் கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கடைக்குப் போய்க் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கி நான் செஞ்சது தப்புங்க. நீங்க வீட்டுக்கு வந்தப்ப எழுதிக் குடுக்காதது அதவிடத் தப்பு" என்றேன். முதல் தடவையாக அவளை நீங்க என்றேன், அதுவும் அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதற்குத்தான் போயிருந்தேன். இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து வாய் நிறையத் திட்டுவாள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். வெளக்கு நல்லாத்தான் எரிஞ்சுச்சு. எங்களுக்கு எல்லாம் திருப்திதான்." நான் விடவில்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன், என் மகன் இதையெல்லாம் கேட்டு எழுதத்தான் வருகிறான், மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். அவள் அதே சிரிப்போடு, "கூட்டிட்டு வாங்க டீச்சர். தம்பி என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிப்புடுறோம்" என்றாள். கலரைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். மேசைக்கு முன்னால் நின்று என்னிடம் சண்டை போட்டவள், கடைசியில் எனக்கும் அதிகாரிகளுக்குச் சொல்கிற பதிலையே சொல்லிவிட்டாள்.

அதனால் திங்கட்கிழமை நான் வரவில்லை. இந்தத் தடவை பார்க்கலாம் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்கிறேன். நான் பக்கத்தில் நின்றால் உன் படிவம் முழுக்க முதல் கட்டத்திலேயே நிறையும். தனியாகப் போ. யார் மகன் என்று கேட்டால் மறைக்காதே, கேட்காவிட்டால் நீயாகச் சொல்லாதே. முதல் நாள் காகிதத்தை எடுக்காதே. அவர்கள் உனக்குச் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டால் ஒன்றையும் நம்பாமல் திரும்பி வா, மறுபடி போ, மறுபடியும் போ. என்றைக்காவது சவரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினால், குறுக்கே பேசாமல் நின்று முழுசாக எழுதிக்கொள். எழுதி முடித்ததும் எனக்குப் போன் பண்ணி, ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டு. அதில் பாதிக்கு மேல் எனக்கு வர வேண்டியது.

அம்மா